தீயின் நடுவே ஒரு வணக்கம்

யூபிலி மலர் என்றால் அதில் யார் யாருடைய வாழ்க்கை வரலாறு இடம்பெறும் என்பது நம் பங்கு மக்களுக்குத் தெரிந்ததே. ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய குருவானவர், மணிக்கூண்டு கட்டப் பொருளுதவிய பெரியவர், ஐம்பது ஆண்டு ஞானோபதேசம் கற்பித்த உபதேசியார் ஆகியோரைப் பற்றிப் பிற பக்கங்களில் காணலாம். இங்கே நாம் நினைவுகூர எடுத்துக்கொண்டிருப்பவர் நம் பங்கையோ நம் நாட்டையோ சேர்ந்தவர் அல்லர். குருவும் அல்லர், துறவியும் அல்லர். குண்டு வீசும் விமானத்தில் துப்பாக்கி பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு படைவீரர். இருபத்தேழாம் வயதில் அந்நிய மண்ணில் உடல் கருகி இறந்தவர்.

இவருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்குப் போகிறோம். நம் வீட்டாரின் கல்லறைக்கு மட்டுமா திரி ஏற்றுகிறோம்? கேட்பாரற்றுப் புல் மண்டிக் கிடக்கும் பக்கத்துக் கல்லறையிலும் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு வருவது நம் தாய்மார்களின் வழக்கம். அந்த இரண்டாவது மெழுகுவர்த்தியாக இக்கட்டுரையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அவர் பெயர் ஆண்ட்ரூ சார்லஸ் மினார்ஸ்கி. கானடா நாட்டின் மானிட்டோபா மாநிலத் தலைநகரான வின்னிபெக்கில் 1916-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பிறந்தார். ஆண்ட்ரூ என்பது அந்திரேயா. நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்து வந்த அதே அப்போஸ்தலரின் பெயர். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். வின்னிபெக் கடுங்குளிர் நகரம். மாரிக் காலத்தில் ஆறு முழுவதும் உறைந்து, அதன்மேல் மனிதர் நடந்து போகும் ஊர். அந்நகரின் வடபகுதியில் போலந்தியர், உக்ரைனியர், யூதர் எனப் பல நாட்டு ஏழை உழைப்பாளிகள் நெருங்கிக் குடியிருந்தார்கள். அவர்களிடையே வளர்ந்தவர் ஆண்ட்ரூ.

பதினாறு வயதில் தந்தையை இழந்தார். உலகெங்கும் வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்தாடிய காலம் அது. தாயோடும் உடன்பிறந்தாரோடும் குடும்பப் பாரத்தைச் சுமக்க வேண்டி வந்தது. தோல் பதனிட்டு உடை தைக்கும் தொழிலில் சேர்ந்து மெல்லிய தோலை அளந்து வெட்டும் வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் மரவேலையும் சிறு மாதிரிப் பொருள்கள் செய்வதும் அவருக்குப் பிடித்தமானவை. அவரோடு பழகியவர்கள் அவரைக் குறித்துச் சொன்னதெல்லாம் அடக்கமானவர், சிரித்த முகத்தினர் என்பதே. பின்னாளில் சிலை வைக்கப்படப் போகிறவரின் இளமையில் ஏதேனும் அதிசயம் நடந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்போர் ஏமாறுவார்கள். தோல் வெட்டினார், கூலியை வீட்டில் கொடுத்தார். அவ்வளவே.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அடுத்த சில நாட்களில் பிரிட்டனும் பிரான்சும், பின்னர் கானடாவும் போரில் இறங்கின. ஆண்ட்ரூ முதலில் 1940-இல் வின்னிபெக் ரைபிள்ஸ் என்னும் தரைப்படைப் பிரிவில் சிறிது காலம் இருந்தார். 1941-இல் கானடா விமானப் படையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்தி பயில அனுப்பினார்கள். கட்டுக்கட என்று தட்டும் அந்த மோர்ஸ் பாஷை அவருக்கு ஏறவில்லை. ஆகவே துப்பாக்கிப் பயிற்சிக்கு மாற்றப்பட்டார். தந்தியில் தேறியிருந்தால் விமானத்தின் முன்பகுதியில் வேறொரு இருக்கையில் உட்கார்ந்திருப்பார். இந்த வரலாறே இராது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் பெற்றோர் அளவுக்கு மீறிக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருவதுண்டு.

இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், 1944 ஏப்ரலில் கானடா விமானப் படையின் 419-ஆம் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவுக்கு மூஸ் என்று பெயர். மூஸ் என்பது கானடாக் காடுகளில் வாழும் பெருங்கொம்பு மான். அப்பிரிவின் முதல் தளபதியின் செல்லப் பெயரும் அதுவே. வட இங்கிலாந்தில் டர்ஹம் மாவட்டத்திலுள்ள மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் ஊரின் விமானத் தளத்தில் அப்பிரிவு தங்கியிருந்தது.

அவர்கள் ஓட்டியது லங்காஸ்டர் என்னும் நான்கு எஞ்சின் விமானம். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை 102 அடி. அதில் ஏழு பேர் செல்வர்: விமானி, எஞ்சின்களைக் கவனிக்கும் பொறியாளர், வழிகாட்டி, தந்தியாளர், குண்டு வீசுபவர் ஆகிய ஐவரும் முன்பகுதியில், துப்பாக்கி வீரர் இருவர் பின்புறத்தில். முதுகின் மேல் கண்ணாடிக் குமிழ் போன்ற சுழல் கூண்டில் ஒருவர். வாலின் கடைசி நுனியில் மற்றொரு சுழல் கூண்டில் இன்னொருவர். மினார்ஸ்கி முதுகுக் கூண்டுக்காரர்.

வால் கூண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்தது அப்போதுதான் விளங்கும். அதில் இருப்பவர் எல்லாருக்கும் முதுகு காட்டி, விமானம் போகும் திசைக்கு எதிர்த்திசை நோக்கி, ஏழெட்டு மணி நேரம் தனியே இருட்டில் உட்கார்ந்திருப்பார். கை நீட்ட இடமில்லை. மின்சாரத்தால் சூடேற்றும் உடை அணிந்தும் விரல் விறைத்துப் போகும் குளிர். பாராசூட்டை அணிந்துகொண்டு உள்ளே உட்கார முடியாது. அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் ஒரு கொக்கியில் தொங்கும். ஆபத்து வந்தால் கூண்டை நேராகத் திருப்பி, பின்கதவைத் திறந்து, உடற்பகுதிக்குள் வந்து பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டுதான் குதிக்க வேண்டும். கூண்டைத் திருப்புவதோ எஞ்சினின் விசையால் அழுத்தம் பெறும் எண்ணெய்க் குழாய்கள். எஞ்சின் நின்றால் கூண்டும் நிற்கும். அதற்கென்று கையால் சுற்றும் பிடி ஒன்றும் வைத்திருந்தார்கள். கூண்டு கோணலாக நின்றுவிட்டால் கதவு அடைபட்டுப் போகும். உள்ளே இருப்பவர் பொறியில் அகப்பட்ட எலியே.

அந்தக் கூண்டில் இருந்தவர் பாட் பிராபி. ஒண்டேரியோ மாநிலத்தின் போர்ட் ஆர்தர் ஊர்க்காரர். மினார்ஸ்கிக்கும் இவருக்கும் இருந்த நட்பு அலாதியானது. பிராபி அதிகாரி வகுப்பினர். மினார்ஸ்கி அதற்குக் கீழ்ப்பட்ட தரத்தினர். தங்குமிடமும் வேறு, உணவுக்கூடமும் வேறு. ஆயினும் மாலையில் வெளியே போவதும் வருவதும் ஒன்றாகவே. இரவு திரும்பி வந்து பிரியும்போது மினார்ஸ்கி விறைப்பாக நிமிர்ந்து நின்று, பெரிய சேனாதிபதிக்குச் செய்வதுபோல் ஒரு வணக்கம் போட்டு, ஐயா அவர்களுக்கு நல்லிரவு ஆகட்டும் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவாராம். தரத்தைச் சொல்லித் தோழனைக் கேலி செய்யும் விளையாட்டு. அந்த ஜூன் மாதத்தில்தான் அவரும் அதிகாரித் தரத்திற்கு உயர்த்தப்பட்டார். கேலிக்குக் காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குண்டு வீச்சு விமானம் பூ வீசப் போவதில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் 1945 பெப்ருவரியில் டிரெஸ்டனிலும் பல்லாயிரம் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் தீக்கு இரையானார்கள். நகரங்களை மக்களோடு சேர்த்துக் கண்மூடித்தனமாக அழிக்கும் போர்முறையை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டித்தது. அந்தக் கண்டனம் வென்ற நாடுகளுக்கும் சேர்த்தே. மினார்ஸ்கியின் விமானம் கடைசியாகப் புறப்பட்டது ஒரு நகரை எரிப்பதற்காக அன்று. ரயில் நிலையச் சந்திப்பு ஒன்றைத் தகர்ப்பதற்காக. ஆனால் ரயில் பாதைகளின் மேல் நடந்த அத்தகைய தாக்குதல்களிலும் பிரெஞ்சுப் பொதுமக்கள் பலர் மாண்டார்கள். பறந்தவர்களின் கதியும் பரிதாபமே. பிரிட்டனின் குண்டு வீச்சுப் படையில் பணிபுரிந்த சுமார் 1,25,000 விமான வீரர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்! அவர்களுள் சுமார் 10,000 பேர் கானடா இளைஞர்கள். அனுப்பியவர்களின் கணக்கையும் அனுப்பப்பட்டவர்களின் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுத நமக்கு மனம் வரவில்லை. எழுதுகிறவர் வேறொருவர் இருக்கிறார்.

1944 ஜூன் 6-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. ஜெர்மானியர் அங்கே துணைப்படை கொண்டுவராமல் தடுக்க வேண்டுமானால் ரயில் பாதைகளை உடைக்க வேண்டும். ஜூன் 12-ஆம் நாள் இரவு அறுநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் அமியேன், அராஸ், கேன், கம்ப்ரே, புவாத்தியே ஆகிய ஊர்களை நோக்கிப் பறந்தன. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. கம்ப்ரே ரயில் சந்திப்புக்குச் சென்றவற்றுள் ஒன்று மினார்ஸ்கியின் லங்காஸ்டர். கானடாவிலேயே கட்டப்பட்ட விமானம். அதன் பக்கவாட்டில் ஏ என்னும் எழுத்து தீட்டியிருந்தது. விமானி மான்ட்ரியால் நகரத்தவரான ஆர்தர் டி பிரெய்ன். அது அவர்களுக்குப் பதின்மூன்றாவது பயணம். இலக்கை அடையும்போது தேதியும் பதின்மூன்று ஆகிவிடும். மேனாட்டார் அந்த எண்ணுக்கு அஞ்சுபவர்கள் என்பதை நாம் அறிவோம்.

புறப்படுமுன் அனைவரும் புல்தரையில் சாய்ந்து காத்திருந்தார்கள். மினார்ஸ்கியின் கைக்கு ஒரு க்ளோவர் இலை அகப்பட்டது. க்ளோவருக்கு வழக்கமாக மூன்று இலைகள். புனித பத்ரிசியார் திரித்துவத்தை விளக்கக் காட்டியதாக ஐரிஷ் மக்கள் சொல்லும் அதே செடி. மிக அரிதாகவே ஒன்றுக்கு நான்கு இலை வரும். அதைக் கண்டெடுப்பது அதிர்ஷ்டம் என்பார்கள். நம் வயல் வரப்பில் ஆரைக்கீரைக்கு எப்போதும் நான்கு இலைதான். அதைப் பறித்துக் கடைந்து சாப்பிடும் நமக்கு இந்த நம்பிக்கை வேடிக்கையாக இருக்கலாம். மினார்ஸ்கிக்குக் கிடைத்தது நான்கு இலை. ஒரு கணம் பார்த்தார். தன் பையில் வைத்துக்கொள்ளாமல் பிராபியின் கையில் திணித்துவிட்டார்.

பிரெஞ்சுக் கரையைக் கடந்ததும் தேடுவிளக்குகள் அவர்களைப் பிடித்துக்கொண்டன. விமானி வளைத்தும் சாய்த்தும் ஒருவாறு இருட்டுக்குள் தப்பித்துச் சென்றார். இலக்கைத் தாக்குவதற்காகத் தாழ இறங்கிக்கொண்டிருக்கையில், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல், பின்புறம் கீழேயிருந்து ஜெர்மானிய இரட்டை எஞ்சின் சண்டை விமானம் ஒன்று நெருங்குவதை பிராபி கண்டு கூவினார். கூவி முடிப்பதற்குள் குண்டுகள் பாய்ந்தன. இடச்சிறகின் இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. சிறகில் தீப்பிடித்தது. முதுகுக் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் நடுவே உடற்பகுதியில் எண்ணெய்க் குழாய் அறுந்து அங்கும் தீ மூண்டது. பேசும் கருவி அறுந்துபோனதால் விமானி சிவப்பு விளக்கைச் சிமிட்டி எல்லாரையும் குதிக்கச் சொன்னார்.

முன்பகுதியில் ஜாக் பிரைடே என்பவர் கீழ்க்கதவைத் திறந்தபோது காற்றின் வேகத்தில் கதவு அவர் நெற்றியில் மோதி நினைவிழந்தார். பொறியாளர் ராய் விகர்ஸ் அவருக்குப் பாராசூட்டை மாட்டி, இழுகயிற்றைப் பிடித்துவிட்டு, வெளியே தள்ளிப் பின்பு தானும் குதித்தார். அவசரத்திலும் அவர் அதை மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். அவருக்கு விருதேதும் கிடைத்ததாகக் கேள்விப்படவில்லை. மற்றவர்களும் குதித்தார்கள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று எண்ணி விமானி கடைசியாகக் குதித்தார்.

எல்லாரும் போகவில்லை. வால் கூண்டு கோணலாக நின்றுவிட்டது. பிராபி விரலால் கதவைச் சற்றே நெம்பி, பாராசூட்டை மட்டும் உள்ளே இழுத்து மாட்டிக்கொண்டார். கூண்டைத் திருப்பும் கைப்பிடியைச் சுற்றினார்; அது கையோடு ஒடிந்து வந்துவிட்டது.

மினார்ஸ்கி முதுகுக் கூண்டிலிருந்து இறங்கி வலப்பக்கக் கதவண்டை வந்தார். அங்கிருந்து ஓரடி எடுத்து வைத்தால் வெளியே வானம். பாராசூட் நெஞ்சில் இருக்கிறது. எதிர்பாராமல் வால்பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் நண்பனின் முகம்.

கதவை விட்டார். எரிகிற எண்ணெய்க்குள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வால் கூண்டை அடைந்தார். அதற்குள் இடுப்பு வரை அவர் உடையிலும் பாராசூட்டிலும் தீப்பற்றிவிட்டது. அங்கே தொங்கிய தீயணைப்புக் கோடரியை எடுத்துக் கூண்டை வெட்டினார், நெம்பினார். அசையவில்லை. கோடரியை எறிந்துவிட்டு வெறுங்கையால் இழுத்தார். பிராபி உள்ளிருந்து தலையை ஆட்டினார். திரும்பிப் போ, உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று கத்தினார், கையசைத்தார். எத்தனை நிமிடம் இது நடந்தது? நிமிடம் என்பதே தவறு. தாழப் பறக்கும் விமானத்தில் விநாடிகள்தாம் இருந்தன. ஒவ்வொரு விநாடியும் அவர் சட்டையில் எரிந்தது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. மினார்ஸ்கி பின்வாங்கினார். அந்தக் குறுகிய இடத்தில் உடம்பைத் திருப்ப முடியாது. ஆகவே முகத்தை நண்பனின் பக்கமே வைத்தபடி, பின்னோக்கித் தவழ்ந்து, மறுபடியும் தீயைக் கடந்து கதவண்டை வந்தார். அங்கே எழுந்தார். எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்றார். கையை நெற்றிக்கு உயர்த்தி வணக்கம் செய்தார். எஞ்சின் இரைச்சலில் அவர் குரல் பிராபிக்குக் கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பிராபிக்கு இல்லை. எத்தனையோ இரவுகள் வாசற்படியில் கேட்ட அதே சொற்கள்.

பிறகு மினார்ஸ்கி குதித்தார். எரியும் பந்தம்போல் ஒரு மனிதர் வானத்திலிருந்து இறங்குவதைக் கீழே பிரெஞ்சுக் கிராமத்தார் கண்டார்கள். ஓடிச் சென்று எடுத்தபோது உயிர் இருந்தது. ஆனால் தீப்புண் தாங்கக்கூடிய அளவில் இல்லை. சில மணி நேரத்தில் ஆவி பிரிந்தது. அவருடைய தலைக்கவசத்தில் ஆண்டி என்று செல்லப் பெயர் எழுதியிருந்தது.

பிராபி இறக்கவில்லை. இதுதான் இவ்வரலாற்றில் யாராலும் விளக்க முடியாத பகுதி. ஆளற்ற விமானம் தானாகவே சறுக்கிக்கொண்டு, கோதியெம்ப்ரே என்னும் சிற்றூரின் வயல்வெளியில் குண்டுகளோடு தரையில் மோதியது. இடச்சிறகு ஒரு மரத்தில் பட்டு ஒடிந்தது. அந்த வேகத்தில் விமானம் சுழன்று திரும்ப, மனித பலத்துக்கு அசையாத வால் கூண்டு வெடித்துத் திறந்து பிராபியை வெளியே வீசி எறிந்தது. கண் விழித்தபோது அவர் உடம்பில் சொல்லத்தக்க காயம் ஏதும் இல்லை. பிரெஞ்சு மக்கள் உயிரைப் பணயம் வைத்து அவரை மறைத்துக் காப்பாற்றினார்கள். ஏழு பேரில் நால்வர் இவ்வாறு தப்பினர். பிரைடேயும் விகர்ஸும் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, போர் முடிந்து திரும்பினர். மாண்டவர் ஒருவரே.

ஆகவே கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். மினார்ஸ்கி கதவண்டை வந்ததும் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் பிழைத்திருப்பார். பிராபியும் நடந்தது போலவே பிழைத்திருப்பார். ஏழு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள். அப்படியானால் அந்தத் தீயில் தவழ்ந்தது வீண்தானே?

நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அதே போலந்து இனத்தவரான புனித மாக்சிமிலியன் கோல்பே 1941-இல் ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் வேறொருவருக்குப் பதிலாகத் தம்மை ஒப்புக்கொடுத்து இறந்தார். காப்பாற்றப்பட்டவர் 1982-இல் உரோமையில் நடந்த புனிதர் பட்டமளிப்பு விழாவுக்கும் வந்திருந்தார். 1995 வரை வாழ்ந்தார். அங்கே பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மினார்ஸ்கியின் செயலுக்கு அத்தகைய பலன் இல்லை. கோடரி வெட்டியும் கூண்டு திறக்கவில்லை. அவர் இறக்கும்போது, நண்பன் செத்துவிட்டான், தன்னால் முடியாமல் போயிற்று என்ற எண்ணத்தோடுதான் இறந்திருப்பார். அவரைப் புனிதர் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் பிராபி தம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தது வேறு கணக்கு. தனியே எரிந்து சாகப் போகிறோம் என்றிருந்த நேரத்தில் ஒருவன் தீக்குள் தன்னிடம் வந்தான் என்பதே அவருக்குக் கிடைத்தது. அது வீணா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அந்த விமானத்தின் பின்பகுதியில் நடந்ததைக் கண்ட சாட்சி ஒரே ஒருவர். அவரோ இறந்தே தீர வேண்டியவர். அவர் இறந்திருந்தால், காணாமற்போன பல்லாயிரவருள் ஒருவராகவே மினார்ஸ்கியின் பெயர் ஏட்டில் இருந்திருக்கும். தாமதமாகக் குதித்ததால் தீப்பிடித்தது என்று எழுதியிருப்பார்கள். பிராபி 1944 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பிய பின்புதான் நண்பனின் முடிவை அறிந்தார். 1945-இல் அவர் நடந்ததைத் தம் விமானி டி பிரெய்னிடம் விவரித்தார். டி பிரெய்ன் மேலிடத்துக்கு எழுதினார். 1946 அக்டோபர் 11-ஆம் நாள், பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியாச் சிலுவை மினார்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. வின்னிபெக்கில் ஆளுநர் கையிலிருந்து அவருடைய தாயார் அதைப் பெற்றுக்கொண்டார். சிறு வெண்கலச் சிலுவை அது. கணவனை இழந்து, கூலி வேலை செய்து வீட்டைக் காத்த மகனையும் இழந்த அந்தத் தாயின் உள்ளங்கையில் அது எவ்வளவு கனத்திருக்கும் என்பதைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் பங்குத் தாய்மார்கள் அறிவார்கள்.

அவருடைய ஊரில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்; மானிட்டோபாவில் ஏரிகளுக்கும் அப்பெயர் உண்டு. ஒண்டேரியோவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தார் பழைய லங்காஸ்டர் ஒன்றைப் பழுதுபார்த்து, அதே ஏ எழுத்தைத் தீட்டி, அவர் நினைவுக்கு அர்ப்பணித்து, 1988-இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். 2014-இல் அது அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்துக்குப் போய்ப் பறந்து வந்தது. மிடில்டன் செயின்ட் ஜார்ஜில் அவர் கடைசியாகப் புறப்பட்ட தளத்தருகே, ஊர் மக்கள் நன்கொடை திரட்டி 2005-இல் சிலை எழுப்பினார்கள். விமான உடையில் நிமிர்ந்து, கையை நெற்றிக்கு உயர்த்தி நிற்கிறார்.

அவர் உடல் பிரான்சில் அமியேன் நகரத்துக்குக் கிழக்கே மெகாரிக்கூர் என்னும் கிராமத்தின் பொதுக் கல்லறையில், அவ்வூர் உழவர்களின் கல்லறைகளுக்கு அருகே, தோழர் வீரர்களோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதைப் பராமரித்து வருகிறது. அதே ஆணையத்தின் பொறுப்பில் உள்ள கல்லறைத் தோட்டம் ஒன்று நமக்கும் எட்டும் தூரத்தில் உண்டு. தென்னிந்தியாவின் பல ஊர்களில் சிதறிக் கிடந்த போர்வீரர்களின் கல்லறைகளை ஒன்றுசேர்த்து 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்தில் அமைத்தது அது. பரங்கிமலைக்குத் திருயாத்திரை போகும் நம் பங்கு மக்கள் வழியிலேயே அதைக் காணலாம். புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். பல கற்களில் வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். அடுத்த முறை மலைக்குப் போகும்போது கையில் ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக இருந்தால், அங்கே இறங்கி, கண்ணில் படும் பெயர் எதற்கேனும் ஏற்றிவிட்டு வரலாம்.